பகலில் விட்ட பாலை இரவில் கேட்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு நாலரை மாதம். முதல் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். பிறந்தபோது 2.8 கிலோ. 14 வார ஊசி போட்டபோது 5.2. போன வாரம் 5.9. இரண்டு மாதம் முடிந்த சமயத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தூங்கினால் மூன்று மணிவரை அசைய மாட்டாள். மூன்று வாரம் முன்பு சாத்தூரில் அம்மா வீட்டிலிருந்து கோவைக்கு, கணவர் வீட்டுக்கு வந்தோம். வந்ததிலிருந்து பாதி ராத்திரிக்கு மேல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறாள். மார்பும் முன்போல் கனப்பதில்லை. ‘பால் வத்திருச்சு, ராத்திரி ஒரு புட்டி பவுடர் பால் கொடு, இல்லேன்னா ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடு’ என்கிறார் அத்தை. பக்கத்து வீட்டம்மா உரம் விழுந்திருக்கும் என்கிறார். யூடியூபில் ஒருவர், பால் குடித்தபடியே தூங்க வைப்பதுதான் தப்பு, கொஞ்ச நாள் அழவிட்டால் சரியாகும் என்கிறார். ஆறு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். நேற்றைய ஒரு நாளின் நேரங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். தூக்கமில்லாமல் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருக்கிறது. (பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது கடைசியில் எழுதியிருந்த நேரக் குறிப்புதான். நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஆனால் முதலில் பால் வற்றிவிட்டதா என்ற பயத்தை முடித்துவிடுவோம். அது மனதில் இருக்கிறவரை நான் வேறு எது சொன்னாலும் காதில் ஏறாது.

வற்றவில்லை. 5.2 கிலோவிலிருந்து 5.9. ஐந்தரை வாரத்தில் 700 கிராம், வாரத்துக்குச் சுமார் 125 கிராம். இந்த வயதுக்கு இது நல்ல ஏற்றம். பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாக வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் மகள் நாலரை மாதத்திலேயே அதைத் தாண்டிவிட்டாள். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு இருக்கும் பக்கத்தைத் திறந்து, இந்த மூன்று எடைகளையும் மூன்று புள்ளிகளாக வைத்துச் சேருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழு கிலோ இருப்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை. இவள் தொடங்கிய கோட்டை ஒட்டியே மேலே போகிறாளா என்று மட்டும் பாருங்கள். போகிறாள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் வெளிர்நிறமாகச் சிறுநீர் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால், இரவில் எத்தனை தடவை எழுந்தாலும் அது பால் பத்தாததற்குச் சாட்சி இல்லை.

அப்படியானால் மார்பு ஏன் கனக்கவில்லை? முதல் ஆறு, எட்டு வாரத்தில் உடம்புக்குக் குழந்தையின் தேவை எவ்வளவு என்று தெரியாது. கூடுதலாகவே சுரந்து வைக்கும். கட்டும், வழியும், ஜாக்கெட் நனையும். அப்புறம் குழந்தை எடுப்பதை வைத்து உடம்பு ஒரு கணக்குக்கு வந்துவிடும். மார்பு தளர்ந்து மென்மையாகும். முன்பு அரை மணி நேரம் குடித்தவள் இப்போது ஏழெட்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வாள். தாய் இதைப் பார்த்து ‘வத்திப்போச்சு’ என்கிறாள். கனமான மார்பு என்றால் பால் தேங்கி நிற்கிறது என்றுதான் பொருள். பால் அவ்வப்போது காலியாகிறபோதுதான் சுரப்பு வேகமெடுக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் குடிக்கும் அளவு ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை பெரிதாகக் கூடுவதில்லை. சராசரியாக 750லிருந்து 800 மில்லி வரை. வளர்ந்துவிட்டாளே, பால் பத்துமா என்ற கவலைக்கு இந்த ஒரு எண் போதும். ஒரு காலத்தில் நானே இது தெரியாமல் இருந்தேன். பிரசவ வார்டில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், மார்பு தளர்ந்துவிட்டது என்று அழுத ஒரு பெண்ணிடம் ‘அப்ப ஒரு வேளை பவுடர் சேர்த்துக்கோங்க’ என்று நானே சொல்லி அனுப்பினேன். ஒரு வேளை இரண்டாகி, இரண்டு நாலாகி, மூன்றாவது மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பால் நின்றுபோனது. அத்தை சொல்வதைக் கேட்டு நான் கோபப்படாததற்குக் காரணம் இதுதான்.

சரி, பால் இருக்கிறது. பிறகு ஏன் எழுகிறாள்?

பிறந்த குழந்தைக்கு இரவு, பகல் தெரியாது. அதன் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண் இமைக்குள் உருள, வாய் கோணிச் சிரிக்க, கைகால் உதற, முனகித் தூங்குகிற மேலோட்டமான தூக்கம். மூன்று, நான்கு மாதத்தில் மூளை வளர்ந்து இந்த அமைப்பே மாறுகிறது. பெரியவர்களுக்கு இருப்பதுபோல ஆழம், மேலோட்டம் என்று தூக்கம் அடுக்கடுக்காகப் பிரிகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் நாம் எல்லோரும் லேசாக விழித்து, புரண்டு படுத்து, மறுபடி தூங்கிவிடுகிறோம். காலையில் அது நினைவுகூட இருக்காது. பெரியவர்களுக்கு இந்தச் சுற்று சுமார் 90 நிமிடம், கைக்குழந்தைக்குச் சுமார் 50. அதன் முடிவில் உங்கள் மகளும் விழிக்கிறாள். புரண்டு படுத்துத் தானாகத் தூங்க அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் உங்கள் மார்பு. அதைத் தேடுகிறாள்.

ஆக இரண்டு மாதத்தில் ஐந்து மணி நேரம் தூங்கியவள் கெட்டுப்போகவில்லை. அப்போது இருந்த தூக்கம் வேறு, இப்போது வந்திருப்பது வேறு. இதோடு கூட, குப்புற விழப் பழகுகிற வயது இது. நடு இரவில் கண்ணை மூடியபடியே கால் தூக்கிப் புரண்டு பயிற்சி செய்கிற குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீடும் மாறியிருக்கிறது. சாத்தூர் வெக்கையும் அம்மா வீட்டு மின்விசிறிச் சத்தமும் போய், கோவைக் குளிரும் புது முகங்களும் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் ஊர் மாறியதுதான் காரணம் என்று தோன்றுகிறது. சாத்தூரிலேயே இருந்திருந்தாலும் இந்த மாதம் ஏதோ ஒரு விதத்தில் ஆட்டிவைத்திருக்கும்.

இப்போது உங்கள் நேரக் குறிப்புக்கு வருகிறேன்.

காலை 6, 8.30, 10.45க்குப் பால். 11 மணிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல், சாம்பிராணி, தூளி. 2.30 வரை தூக்கம். 2.30க்குப் பால். 5 மணிக்குப் பால், ஆனால் ‘டி.வி. பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சரியாகக் குடிக்கவில்லை’. 7.45க்குப் பால் குடித்து 8 மணிக்குத் தூக்கம். அதன் பிறகு 11.30, 1, 2.30, 4.

10.45க்கும் 2.30க்கும் நடுவில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருக்கிறது, பார்த்தீர்களா? குளித்த களைப்பில் குழந்தை அடித்துப்போட்டாற்போல் தூங்கும். வீடே அந்த அமைதியைக் கொண்டாடும். சமையல் முடியும், துணி காயப்போடலாம். நம் வீடுகளில் அந்தத் தூக்கத்தை யாரும் கலைக்க மாட்டார்கள், தூங்குகிற குழந்தையை எழுப்பினால் திட்டு விழும். ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் ஒரு பால் போய்விட்டது. 5 மணிப் பாலும் அரைகுறை. நாலு மாதம் ஆனதும் குழந்தைக்குக் கண்ணும் காதும் நன்றாகத் தெளிந்துவிடும். ஒரு கதவுச் சத்தம், குக்கர் விசில், மின்விசிறியின் நிழல், எல்லாமே பாலைவிடச் சுவையானவை. பகலில் விட்டதை இரவில், இருட்டில், வேடிக்கை பார்க்க எதுவும் இல்லாதபோது, நிதானமாகக் குடித்து ஈடுகட்டிவிடுவாள். குழந்தையின் கணக்கு ஒரு நாள் முழுவதற்குமானது. அதில் எவ்வளவு பகல், எவ்வளவு இரவு என்ற கவலை நமக்குத்தான்.

இரவுப் பாலை முழுக்க நிறுத்துவது நம் நோக்கம் இல்லை. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளையும் தாய்மாரையும் 71 ஜோடிகளாகச் சேர்த்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். ஒரு நாள் பாலில் ஐந்தில் ஒரு பங்கு இரவில்தான் குடிக்கப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் இரவில் ஒன்று முதல் மூன்று தடவை குடித்தன. அதனால் உங்களுக்கு நான் வைக்கும் இலக்கு, நாலு ஐந்தை இரண்டு மூன்றாக்குவது. அவ்வளவுதான்.

அதற்குக் குளித்த பிறகான தூக்கத்தை இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள். உலுக்கி எழுப்ப வேண்டாம். ஒரு மணி வாக்கில் மெதுவாக எடுத்து மார்பில் போடுங்கள். அரைத்தூக்கத்திலேயே நன்றாகக் குடிப்பாள். பகலில் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள், அவள் அழுது கேட்கும்வரை காத்திருக்காமல். மாலைப் பாலை டி.வி. இல்லாத அறையில், திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கொடுங்கள். ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் ஆறரை வாக்கில் இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். மாலையில் குழந்தைகள் அடிக்கடி கேட்பது இயல்பு. அந்த நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு தடவை குடிப்பதை ‘பால் இல்லை, அதான் மறுபடி கேக்குது’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

எண்ணெய்க் குளியலை நான் நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது, குழந்தைக்கும் பிடிக்கிறது. சாம்பிராணியை மட்டும் விட்டுவிடுங்கள், கொசுவத்தியையும்தான். அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குப் புகை எந்த வடிவத்திலும் ஆகாது. தலையைத் துண்டால் ஒற்றிக் காயவைத்தால் போதும், இரவுக்குக் கொசுவலை இருக்கிறது.

காலையில் எழுந்ததும் ஜன்னல் ஓரம் அல்லது மொட்டை மாடியில் வெளிச்சம் படத் தூக்கி வைத்திருங்கள். இரவில் டியூப்லைட் போடாமல் மங்கலான விளக்கில் பால் கொடுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், பேச்சு கொடுக்காதீர்கள். மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் இருக்கிறது, பகல் பாலில் அநேகமாக இல்லை. குழந்தையின் உடம்பு அதைத் தானாக நேரம் பார்த்துச் சுரக்கக் கற்றுக்கொள்வதே மூன்று மாத வாக்கில்தான். இரவு எது என்ற சேதியை அதுவரை உங்கள் பால்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அறை வெளிச்சமும் அதையே சொல்ல வேண்டும்.

இவை பலன் தர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். உங்கள் தூக்கம் அதுவரை காத்திருக்க முடியாது. குறிப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இதுதான்: பாப்பா 8 மணிக்குத் தூங்கி 11.30 வரை எழவில்லை. மூன்றரை மணி நேரம். இரவிலேயே நீளமான தூக்கம் அதுதான். அந்த நேரத்தில் நீங்கள்? ‘சாப்பாடு, பாத்திரம், காலைக்கு மாவு எடுத்து வைப்பது, கொஞ்ச நேரம் சீரியல், 11 மணிக்குப் படுத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் அவள் எழுந்துவிட்டாள். அவளுடைய இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறது, உங்களுடையது பதினொன்றுக்கு. அவள் இரவின் மோசமான பாதி மட்டும் உங்களுக்கு வந்து சேர்கிறது.

ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். எட்டேகாலுக்கு அவளோடு நீங்களும் படுங்கள். பாத்திரம் உங்கள் கணவர் கழுவட்டும். அவருக்குக் கழுவத் தெரியாது என்றால் இந்த வாரம் கற்றுக்கொள்ளட்டும். இடையில் பத்து மணிக்கு முனகினால் அவரே தட்டிக்கொடுத்துத் தூக்கி நடக்கட்டும். நிஜமான பசி என்றால் மட்டும் உங்களை எழுப்பட்டும். காலை ஆறு மணிப் பால் கொடுத்ததும் குழந்தையை அத்தையிடமோ கணவரிடமோ கொடுத்துவிட்டு ஏழரை வரை மறுபடி படுங்கள். முதல் மூன்று மணி நேரமும் கடைசி ஒன்றரை மணி நேரமும் கலையாமல் கிடைத்தால், நடுவில் மூன்று தடவை எழுவதை மனித உடம்பு தாங்கும். குழந்தையின் தூக்கத்தை மாற்றப் பல வாரம் ஆகும். வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ள ஒரு சாயங்காலப் பேச்சு போதும். அந்தப் பேச்சுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு சின்னப் பழக்கம். இரவில் முனகல் கேட்டதும் உடனே தூக்காதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கவனியுங்கள். மேலோட்டத் தூக்கத்தில் குழந்தைகள் கண்ணைக்கூடத் திறப்பார்கள், சிணுங்குவார்கள், ஆனால் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நாம் தூக்கித்தான் எழுப்பிவிடுகிறோம். வாயைத் திறந்து தேடுகிறாள், கையைச் சப்புகிறாள், முனகல் அழுகையாக ஏறுகிறது என்றால் கொடுங்கள்.

படுத்தபடி பால் கொடுத்தால் காதில் சீழ் வரும் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தைக்குப் புட்டியை வாயில் வைத்துவிட்டுப் போவது கெடுதல்தான். தாய் ஒருக்களித்துப் படுத்து, குழந்தையையும் தன் பக்கம் திருப்பி, முழு உடம்பும் தன்னை ஒட்டி இருக்கும்படி வைத்துக் கொடுப்பது வேறு. மார்பில் குழந்தை தானே இழுத்து விழுங்குகிறது. நள்ளிரவில் உட்கார்ந்து தூங்கி விழுவதைவிட இது பத்திரம். குறிப்பாக சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுத்துக் கண் அசந்துவிடாதீர்கள். குழந்தைக்கு இருப்பதிலேயே ஆபத்தான இடம் அதுதான்.

படுக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே, கெட்டியான சமதளமான தனி இடத்தில் மல்லாக்கப் படுக்க வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. தரையில் பாய் விரித்து மேலே ஒரு மடிப்புத் துணி போட்டால் அதுவே போதும். அமுங்கும் மெத்தை வேண்டாம். கடுகுத் தலையணை, பக்கத்துக்கொன்றாக வைக்கும் குட்டித் தலையணை, கனமான போர்வை, எதுவும் வேண்டாம். குளிருக்கு ஒரு முழுக்கைச் சட்டை கூடப் போடுங்கள், தூங்கும்போது குல்லா வேண்டாம். புரளத் தொடங்கிவிட்டதால் துணியால் இறுக்கிச் சுற்றுவதையும் நிறுத்துங்கள். புகைபிடிப்பவரோ குடித்தவரோ இருக்கும் படுக்கையில் குழந்தை ஒருபோதும் படுக்கக் கூடாது.

தூளியை விட்டுவிடச் சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் தூளியில் ஆடி வளர்ந்தவள்தான். ஆனால் துணி குழிந்து, கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடலாம். குப்புற விழுகிற குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் மகள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டாள். பகலில் யாராவது பக்கத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டித் தூங்க வையுங்கள். தூங்கியதும் எடுத்துப் பாயில் போடுங்கள். இரவில் தூளி வேண்டாம். எடுக்கும்போது விழித்துக்கொள்வாளே என்பீர்கள். முதல் நாலு நாள் விழித்துக்கொள்வாள்தான்.

இனி உங்களுக்கு வந்த ஆலோசனைகள். பவுடர் பால் கொடுத்தால் தூங்கும் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. பிரிட்டனில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தார் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகள் உள்ள 715 தாய்மாரிடம் கேட்டு 2015ல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் இரவில் எழும் கணக்கில் வித்தியாசம் இல்லை. இரு பக்கமும் பெரும்பாலானவை எழத்தான் செய்தன. நிஜத்தில் என்ன ஆகும் என்றால், நீங்கள் எழுந்து, தண்ணீர் சுடவைத்து, கலக்கி, ஆற்றி, கொடுத்து, கழுவி வைப்பீர்கள். அதற்குள் இரண்டு தடவை படுத்தபடி பால் கொடுத்திருக்கலாம். அந்த வேளையின் பால் மார்பில் தேங்கி, நாளைக்குக் குறைத்துச் சுர என்று உடம்புக்குச் சொல்லும். எடை ஏறாத குழந்தைக்கு மருத்துவர் பார்த்துச் சேர்க்கச் சொன்னால் அது வேறு, அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. உங்கள் மகளுக்கு அது தேவைப்படவில்லை.

ராகிக் கஞ்சி ஆறு மாதம் முடிந்த பிறகு. அதுவும் பகலில், உணவாக. தூக்க மருந்தாக இல்லை. வசம்பு, கிரைப் வாட்டர், தேன் மூன்றும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு கைக்குழந்தைக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். யாராவது சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்றால் அவர் வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

உரம் எடுக்கக் கூட்டிப் போகாதீர்கள். சேலையில் போட்டு உருட்டுவதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் நாலு மாதக் கழுத்துக்கு ஆபத்து. அதன் பிறகு குழந்தை தூங்குவது களைப்பில்தான். திருஷ்டி சுற்றிப் போடுவதாக இருந்தால் தாராளமாகச் சுற்றட்டும். யாருக்கும் கெடுதலில்லை, அத்தைக்கும் ஒரு நிம்மதி.

யூடியூப்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. பால் குடித்தபடியே தூங்கிய குழந்தை, நடுவில் விழித்தாலும் அதையே கேட்கும். ஆனால் பால் குடித்துத் தூங்குவது தப்பு என்பது வேறு ஊர், வேறு வீட்டு அமைப்பிலிருந்து வந்த பேச்சு. தனி அறையில் தனிக் கட்டிலில் குழந்தை படுக்கிற வீட்டுக்காக அங்கே யோசித்தார்கள். நாலரை மாதத்தில் அழவிடுவதை நான் சொல்ல மாட்டேன். பசிக்கும் பழக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத வயது, அதுவும் வீடு மாறிய மாதம். வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். பகலில் ஒரு தூக்கத்துக்கு மட்டும், பால் கொடுத்து முடித்ததும், கண் சொருகும் நேரத்தில் மெதுவாக எடுத்துப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் அழுகை ஏறினால் எடுத்துவிடுங்கள். நாளை பார்க்கலாம். அது அமையாவிட்டாலும் குடிமுழுகாது. கனடாவில் 388 குழந்தைகளைப் பார்த்து 2018ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் 38 சதவீதம் குழந்தைகள் ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. ஒரு வயதில்கூட 28 சதவீதம் அப்படித்தான். ‘எங்க பேரன் மூணு மாசத்துல ராத்திரி முழுக்கத் தூங்குவான்’ என்று சொல்கிற பாட்டி பெரும்பாலும் அந்த ராத்திரியில் எழுந்தவராக இருக்க மாட்டார்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எழுதிய தொனியில் அவர்மேல் கசப்பு தெரிகிறது. பேத்தி அழுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர், கையில் கொடுக்க அவரிடம் இருப்பது கஞ்சி யோசனை மட்டும்தான். வேறொன்றை அவர் கையில் கொடுங்கள். எடை பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், செவிலியர் வாயால் ‘நல்லா ஏறியிருக்கு பாட்டி’ என்று கேட்கட்டும். காலை ஆறரை முதல் ஏழரை வரை பாப்பா அவர் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

வேலைக்குத் திரும்புவது தனியாக எழுத வேண்டிய விஷயம். தூக்கத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் வேலைக்குப் போனதும் இரவில் எழுவது மறுபடி கொஞ்சம் கூடலாம். பகலில் இல்லாத அம்மாவை இரவில் வாங்கிக்கொள்வாள். அதை எதிர்பார்த்து இருங்கள், பால் குறைந்துவிட்டது என்று மறுபடி தொடங்காதீர்கள். போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே காலைப் பாலுக்குப் பிறகு கையால் பிழிந்து எடுத்துப் பழகுங்கள். அதைப் பாலாடையில் அத்தை கொடுத்துப் பழகட்டும். வெளியில் வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நம் ஊர் வெயில் காலத்தில் அதற்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு. பணியாளர் அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கேட்டுவையுங்கள்.

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளிழுப்பது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எடை நின்றுபோவது, எதை ஆற்றினாலும் அடங்காத அழுகை: இவற்றில் எது இருந்தாலும் நான் மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘பைத்தியமே பிடித்துவிடும் போலிருக்கிறது’ என்று எழுதியிருந்த வரியை நான் சும்மா கடந்துபோக முடியாது. தூக்கமில்லாமல் எல்லாத் தாய்மாரும் எரிச்சலாகிறார்கள், அழுகிறார்கள். ஆனால் பாப்பா தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அவள்மேல் ஒட்டுதலே இல்லை, செத்துவிடலாம் என்றோ அவளை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ நினைப்பு வருகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருந்து உண்டு, குணமாகும், பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடியவையும் இருக்கின்றன. அரசின் உதவி எண்களான 104 அல்லது 14416ல் இரவிலும் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்கக் கொடுங்கள்.

ஒரு வாரம் இதே மாதிரி நேரங்களைக் குறித்து வையுங்கள். பகலில் எத்தனை பால், இரவில் எத்தனை, நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள். அந்த மூன்றாவது எண்ணை மறக்காமல் எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை, ஊசி போட்ட அதே இடத்தில், அதே மெஷினில், உடுப்பில்லாமல் எடை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.